இறைத்தலும் உறிஞ்சுதலும்: நீர் இறைக்கும் ஒரு சிறு பொறி

சிலாங்கூர் மாநிலத்தில் லங்காட் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் டெங்கில். ஆறு அருகிலிருந்தும் நீருக்குத் தவிப்பதும், அதே ஆறு வீட்டுக்குள் புகுந்து தவிக்கவைப்பதும் அவ்வட்டார மக்கள் கண்ட உண்மைகள். 2020 அக்டோபரில் லங்காட்டின் துணையாறாகிய செமினி மாசுற்றுச் சுத்திகரிப்பு நிலையம் நிறுத்தப்பட்டபோது, செப்பாங் வட்டாரத்திலும் குழாய்கள் வறண்டன. 2021 டிசம்பர்ப் பெருவெள்ளத்திலோ டெங்கில் நீரில் மூழ்கியது. வேண்டும் நீரைக் கொணர்வதும் வேண்டாத நீரை வெளியேற்றுவதும் ஒரே பொறிதான். அதனைப் 'பம்பு' என்கிறோம்.

புத்ராஜெயா நகரம் எழுந்த 1990களில், பிராங் பெசார் முதலிய தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கிலின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்து லயத்தில் வாளியைத் தூக்கினால் நீர் வந்துவிடும். மாடி வீட்டுக்கு நீர் தானாக ஏறாது. யாரேனும் ஏற்ற வேண்டும், அல்லது ஏதேனும் ஏற்ற வேண்டும். அந்த 'ஏதேனும்' எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவன் வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே செய்து அறியலாம்.

சொல்லில் உள்ள விளக்கம்

பம்பு நீரை என்ன செய்கிறது என்று வகுப்பில் கேட்டால், 'உறிஞ்சுகிறது' என்னும் விடையே பெரும்பாலும் வரும். தமிழில் அதற்கு வழங்கும் பழஞ்சொல் அதுவன்று. 'இறைத்தல்' என்பதே அது. கிணற்று நீரை இறைக்கிறோம். 'சோற்றைக் கீழே இறைக்காதே' என்று குழந்தையைக் கடிகிறோம். 'காசை வாரி இறைத்தான்' என்கிறோம். நீரை மேலே கொணர்தல், வீசிச் சிதறச் செய்தல் ஆகிய இரண்டையும் அவ்வொரு சொல் குறிக்கிறது. இன்று வீடுகளில் ஓடும் சுழல் பம்பு செய்யும் வேலையும் அதுவே. அது நீரை இழுப்பதில்லை. சுழற்றி வெளியே வீசுகிறது. வீசப்பட்ட நீரின் இடத்தில் அழுத்தம் குறைய, வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் புதுநீரை உள்ளே தள்ளுகிறது.

பொறி வளர்ந்த வழி

தமிழகத்து ஏற்றமும் கவலையும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. ஏற்றத்தில் மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, சால் மேலே வரும். கவலையில் மாடுகள் கயிற்றை இழுக்க, தோற்பை மேலே வரும். இரண்டும் நீரை முகந்து தூக்குபவை. வீசி ஏற்றும் முறைக்கு ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் வழிகோலினார். 1851இல் இலண்டன் உலகக் கண்காட்சியில் ஜான் அப்போல்டு என்பார் வளைந்த இதழ்கள் கொண்ட பம்பைக் காட்டினார். அதன் பயன்திறன் ஏறத்தாழ 68 விழுக்காடு; நேரான இதழ்கள் கொண்டது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இதழின் வளைவு ஒன்றே இத்துணை வேற்றுமையைத் தந்தது.

தமிழகத்தில் 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் அங்கே மின்மோட்டாரை உருவாக்கினர். பின்னர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற நகராயிற்று கோவை. மலாயாவில் இதே சுழல் சக்கரம் வேறொரு தொழிலுக்குப் பயன்பட்டது. ஈய லம்பங்களில் சேற்றையும் மணலையும் தாதுவையும் நீரோடு சேர்த்து, உயர்ந்த மரக்கால்வாய்க்கு ஏற்றியது சரளைப் பம்பே. டெங்கிலுக்கு அருகிலுள்ள பாயா இண்டா சதுப்பு நிலத்தின் ஏரிகள் பல, பழைய லம்பக் குட்டைகளே.

செய்முறை

வேண்டிய பொருள்கள்: பழுதான விளையாட்டுக் காரிலிருந்து எடுத்த 3 வோல்ட் மோட்டார் ஒன்று, 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு; மூடியுடன் கூடிய குட்டையான களிம்பு டப்பி ஒன்று, உள்விட்டம் 3 செ.மீ., ஆழம் 2 செ.மீ. அளவில், தயிர்க் குவளையின் பிளாஸ்டிக், மை தீர்ந்த பேனாவின் கூடு, அதில் பொருந்தும் மெல்லிய குழாய், நீரில் கரையாத பசை, சிறிது கிரீஸ்.

முதலில் பிளாஸ்டிக்கில் 2.5 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு ஒன்றை வெட்டுக. அதன்மேல் 1 செ.மீ. உயரமுள்ள இதழ்கள் நான்கை ஒட்டுக. சக்கரம் சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாக இதழ்களின் நுனி சாய்ந்து வளைந்திருத்தல் வேண்டும். டப்பி மூடியின் நடுவில் மோட்டாரின் அச்சு மட்டும் நுழையும் துளை இட்டு, மோட்டாரை வெளிப்புறம் ஒட்டி, அச்சைச் சுற்றிக் கிரீஸ் தடவுக. உட்புறம் அச்சு நுனியில் சக்கரத்தைப் பொருத்துக. டப்பியின் அடியில், நடுவே 8 மி.மீ. துளை இடுக. நீர் நுழையும் வாயில் அதுவே. பக்கச் சுவரில் மற்றொரு துளை இட்டு, பேனாக் கூட்டைச் சுவரைத் தழுவிச் செல்லும் சாய்வில், சுழலும் திசையை நோக்கி ஒட்டுக. மூடியைப் பொருத்தியபின் சக்கரம் எங்கும் உரசாமல் சுழல்கிறதா என்று பார்த்தல் நலம். திசை மாறிச் சுழன்றால் மின்கலத்தின் கம்பிகளை மாற்றி இணைத்தால் போதும்.

வாளி நீரில் டப்பி மூழ்கவும் மோட்டார் நீர்மட்டத்துக்கு மேல் நிற்கவும் பிடித்து, டப்பியைச் சற்றே சாய்த்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, மின்கலத்தை இணைக்க நீர் குழாய்வழி ஏறும். ஓர் எச்சரிக்கை: வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தை இப்பொறிக்கு எக்காரணத்தாலும் இணைத்தல் கூடாது. அதன் அழுத்தம் 230 வோல்ட். ஈரக்கையோடு சேர்ந்தால் உயிருக்கே இறுதியாகும்.

ஏன் நீர் வரவில்லை?

'உறிஞ்சுகிறது' என்று எண்ணும் மாணவன் பொறியை வாளியின் விளிம்பில் வைத்து, குழாயை மட்டும் நீருக்குள் விடுவான். மோட்டார் ஓடும், நீர் வராது. பொறி கெட்டுவிட்டதென்று கைவிடுவான். கெட்டது பொறியன்று, அவனுடைய கருத்தே. காரணம் எளிய கணக்கு. மோட்டார் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், 2.5 செ.மீ. சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் செல்லும். அவ்வேகத்தில் மேலே எறியப்படும் துளி ஏறக்குறைய 80 செ.மீ. உயரும். கசிவும் உராய்வும் போக, அதில் பாதி ஏறினாலும் நன்று. ஆனால், காற்று நீரினும் ஏறத்தாழ 800 மடங்கு இலேசானது. அதே சக்கரம் காற்றை வீசினால் உண்டாகும் அழுத்தம், நீரை 1 மில்லிமீட்டர் அளவே உயர்த்தவல்லது. வீசுவதற்கு நீர் இல்லாதபோது பம்பு வெறுங்கையாகிறது. பெரிய பம்புகளையும் ஓட்டுமுன் நீர் ஊற்றி நிரப்புவது இதனாலேயே.

சுழலும் வேகம் இரு மடங்கானால் ஏறும் உயரம் நான்கு மடங்காகும். மேலே எறியும் உயரத்திற்கு இவ்வாறு வழியுண்டு. கீழிருந்து வரும் உயரத்திற்கோ எல்லையுண்டு. காற்றின் அழுத்தம் நீரைத் தள்ளக்கூடிய உயரம் 10.3 மீட்டரே, நடைமுறையில் 7 மீட்டர் அளவில் நின்றுவிடும். எத்துணை வலிய மோட்டாரும் இவ்வெல்லையைக் கடவாது. ஆழ்கிணறுகளில் பம்பை நீருக்கு அருகிலோ நீருக்குள்ளேயோ இறக்கிவைப்பதன் பொருள் இதுவே.

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடுவதாக 2009இல் அரசு அறிவித்தது. தாய்மொழிக்கு மீண்ட பாடத்தில் கலைச்சொற்களைத் தேடுவது ஆசிரியர் கடமை. புதுச்சொல் ஆக்குமுன், வழக்கிலுள்ள சொல் என்ன சொல்கிறது என்று கேட்பதும் அக்கடமையின் பகுதியே. 'உறிஞ்சுதல்' என்று கற்ற மாணவன் பொறியை வாளியின் விளிம்பில் வைப்பான். 'இறைத்தல்' என்பதன் இரு பொருளையும் உணர்ந்தவன் அதனை நீருக்குள் இறக்குவான். மூன்று வோல்ட் மோட்டாரும் ஒரு களிம்பு டப்பியும் அவ்வேற்றுமையை வகுப்பின் கண்முன் காட்டிவிடும்.