கம்பிவடத் தொலைக்காட்சியிலிருந்து இணைய ஓடைக்கு மாறுதல் (தமிழ்நாடு)

கம்பிவடத் தொலைக்காட்சியிலிருந்து இணைய ஓடைக்கு மாறுதல் என்பது, கேபிள் இணைப்பு அல்லது கூரைமேல் பொருத்திய செய்மதித் தட்டு வழியாகத் தொலைக்காட்சி பார்த்து வந்தோர் அவ்விணைப்பைக் கைவிட்டு, இணையத்தின் வழியே நிகழ்ச்சிகளைப் பார்க்கத் தொடங்குவதைக் குறிக்கும். இவ்வாறு நிகழ்ச்சிகளை வழங்கும் சேவைகள் பேச்சுவழக்கில் ஓ.டி.டி. எனப்படுகின்றன. அமெரிக்காவில் இம்மாற்றத்தை "வடத்தை அறுத்தல்" என்னும் பொருள்படும் சொல்லால் அழைப்பர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் எவரும் வடத்தை அறுப்பதில்லை. மாதக் கட்டணம் கட்டாமல் விட்டுவிடுகின்றனர்; பெட்டி தொலைக்காட்சியின் அருகிலேயே தூசு படிந்து கிடக்கிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டில் நிகழ்ந்த மாற்றத்தை, சிறப்பாகத் திருவள்ளூர் மாவட்டத்தை மனத்தில் கொண்டு விளக்குகிறது. வாசீசுவரர் கோயிலால் அறியப்படும் பாடல் பெற்ற தலமான திருப்பாச்சூர், திருவள்ளூர் நகருக்கு மேற்கே திருத்தணி செல்லும் வழியில் உள்ளது. அருகில் காக்களூர் தொழிற்பேட்டையும், மாவட்டத்தின் வடகிழக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் அமைந்துள்ளன. கோயிலூர், வயல், தொழிற்சாலை, வாடகை அறை ஆகிய நான்கும் அடுத்தடுத்து இருக்கும் இத்தகைய பகுதியில் இம்மாற்றத்தின் பல முகங்களையும் ஒருங்கே காணலாம்.

பின்னணி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1991 வளைகுடாப் போரின்போது செய்மதிச் செய்தி அலைவரிசைகள் இந்திய நகரங்களில் அறிமுகமாயின. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதும், அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் கேபிள் இணைப்புகள் பரவின. ஒரு மொட்டைமாடி, சில தட்டுகள், மின்கம்பங்களின் மேல் இழுத்த கம்பி ஆகியவற்றோடு தொழில் தொடங்கியது. 1995இல் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இதன்படி கேபிள் நடத்துநர்கள் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2025இலிருந்து இப்பதிவு இணையவழிக்கு மாற்றப்பட்டுள்ளது.

2006இல் அமைந்த தி.மு.க. அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை அடைந்தன. பெட்டி இலவசமாயினும் இணைப்புக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும் என்பதால் கேபிள் கட்டணம் தமிழ்நாட்டில் ஓர் அரசியற் பொருளாயிற்று. 2007இல் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவாக்கப்பட்டது. சிறிது காலம் முடங்கிக் கிடந்த இந்நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் மீண்டும் செயற்படத் தொடங்கியது. இவ்வளவு குறைந்த கட்டணத்துக்கு ஓர் இணைப்பு கிடைத்தமையால், பிற நாடுகளில் கேபிளைக் கைவிட முதன்மைக் காரணமாக இருந்த விலை, தமிழ்நாட்டில் நெடுநாள் ஒரு காரணமாக இருக்கவில்லை.

நேரடிச் செய்மதிச் சேவைகள் 2003 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சென்னையில் 2003 செப்டம்பரில் கட்டணப் பெட்டி முறை கட்டாயமாக்கப்பட்டது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு வெளியே இருந்த திருப்பாச்சூர் போன்ற ஊர்களில் பழைய முறையே, அதாவது கம்பியை நேராகத் தொலைக்காட்சியில் செருகும் முறையே தொடர்ந்தது. நாடு முழுவதையும் எண்ணிமத்துக்கு மாற்றும் திட்டம் 2012இல் பெருநகரங்களில் தொடங்கி, 2017இல் நான்காம் கட்டமாக எஞ்சிய பகுதிகளை எட்டியது.

2019 கட்டண முறை

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் 100 அலைவரிசைகளுக்கு வலையமைப்புக் கட்டணமாக அதிகபட்சம் 130 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு வரி, ஆக 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளுக்குத் தனியே பணம். வேண்டியதை மட்டும் வாங்கலாம் என்பதே நோக்கம். நடைமுறையில், அதுவரை ஒரே தொகையைக் கேட்டுப் பழகிய வீடுகள் முதன்முறையாக ஒவ்வோர் அலைவரிசையின் விலையையும் பார்த்தன. இதைப் பார்க்கிறோமா என்ற கேள்வி பல வீடுகளில் அப்பொழுதுதான் எழுந்தது எனலாம். 2020இல் இம்முறை திருத்தப்பட்டு 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என்றானது. 2024இல் வலையமைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பே நீக்கப்பட்டது.

இயங்கும் விதம்

கேபிளுக்கும் இணைய ஓடைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, பார்ப்போரின் எண்ணிக்கை பற்றியது. கேபிளில், தலைமை நிலையம் செய்மதியிலிருந்து பெறும் அலைவரிசைகள் அனைத்தையும் ஒருசேரக் கம்பியில் அனுப்புகிறது. ஆற்றுக் கால்வாயில் நீர் ஓடுவதுபோல எல்லா அலைவரிசைகளும் எல்லா வீட்டு வாசலிலும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலுள்ள பெட்டி வேண்டியதை எடுத்துக் குறிமுறை நீக்கிக் காட்டுகிறது. நூறு பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் சுமை ஒன்றே.

இணைய ஓடையில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனிப்படி ஒன்று அனுப்பப்படுகிறது. நிகழ்ச்சி சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் வழங்கிகளில் வைக்கப்படுகிறது. பார்ப்பவரின் கருவி இணைப்பின் வேகத்தை அளந்து, அடுத்த துண்டை எத்தரத்தில் கேட்பது என்று முடிவு செய்கிறது. படம் திடீரென மங்கிப் பின் தெளிவது இதனால்தான். தொலைவைக் குறைக்கும் பொருட்டு, அடிக்கடி பார்க்கப்படும் துண்டுகளின் படிகள் பெருநகரங்களில் உள்ள வழங்கிகளில் முன்கூட்டியே வைக்கப்படுகின்றன.

துண்டாக்கவும், சிலவற்றை முன்னரே சேர்த்து வைத்துக்கொள்ளவும் நேரம் எடுப்பதால் நேரலை பல விநாடிகள் பிந்துகிறது. துடுப்பாட்டத்தின்போது கேபிள் உள்ள பக்கத்து வீட்டில் ஆரவாரம் கேட்டபின், கைப்பேசியில் பார்ப்பவருக்குப் பந்து அப்பொழுதுதான் வீசப்படும். இதைச் சகித்துக்கொள்ள முடியாமலேயே கேபிளை வைத்திருப்போரும் உளர்.

தரவு அளவும் கருதத்தக்கது. நெற்பிளிக்சு நிறுவனம் தரும் கணக்கின்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 கிகாபைட்டு வரையிலும், உயர்தரத்தில் 3 கிகாபைட்டு வரையிலும் செலவாகும். நாளுக்கு 1.5 கிகாபைட்டு தரும் கைப்பேசித் திட்டத்தில் உயர்தரத்தில் அரை மணி நேரம்தான் பார்க்க இயலும். ஆகவே குடும்பம் முழுவதும் கேபிளை விட வேண்டுமாயின் வீட்டுக்கு அகலப்பட்டை இணைப்பு தேவைப்படுகிறது. கேபிளை விட்டதால் மிச்சமான பணம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

மாற்றத்தின் காலவரிசை

ஆட்சுடார் 2015இலும், நெற்பிளிக்சு 2016 சனவரியிலும், அமேசான் பிரைம் வீடியோ 2016 திசம்பரிலும் இந்தியாவில் தொடங்கின. ஆயினும் உண்மையான திருப்பம் 2016 செப்டம்பரில் வந்த சியோ கைப்பேசிச் சேவையே. அதன் பின்னர் தரவின் விலை சரிந்தது. 2017 சூனில் சன் நெக்சுட்டு தொடங்கப்பட்டதால், கேபிளுக்கு மக்களைக் கொணர்ந்த அதே நிகழ்ச்சிகள் கேபிள் இல்லாமலும் கிடைத்தன. 2025 பெப்ரவரியில் ஆட்சுடாரும் சியோ சினிமாவும் இணைந்து சியோ ஆட்சுடார் ஆயின.

2020 மார்ச்சு ஊரடங்கில் பார்வையாளர் பெருகியமையால், ஓடைச் சேவைகள் கைப்பேசி வலையமைப்புகளில் படத் தரத்தைச் சில வாரங்கள் தாமாகவே குறைத்துக்கொண்டன. அவ்வாண்டு மே 29 அன்று பொன்மகள் வந்தாள் திரைப்படம் திரையரங்குக்கு வராமல் நேரடியாக அமேசானில் வெளியானது. திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். இது முதல் மோதல் அன்று: 2013இல் விசுவரூபம் படத்தைச் செய்மதித் தொலைக்காட்சி வழியே முன்னதாகக் காட்டக் கமல்ஹாசன் முயன்றபோதும் இதே எதிர்ப்பு எழுந்து அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏழாண்டு இடைவெளியில் எதிர்ப்பு மாறவில்லை. வீட்டில் இருந்த கருவி மாறியிருந்தது.

நாடளவில் கட்டணச் செய்மதிச் சேவையின் சந்தாதாரர்கள் 2020இன் இறுதியில் சுமார் 7 கோடியாக இருந்து, 2025இல் 6 கோடிக்கும் கீழே இறங்கினர். இவர்கள் அனைவரும் ஓடைக்கு மாறினர் என்று கொள்ளலாகாது. கட்டணமில்லாத டிடி இலவசத் தட்டுக்குச் சென்றோரும் உண்டு.

தொழிற்பேட்டைப் பகுதிகள்

கும்மிடிப்பூண்டி போன்ற பகுதிகளில் மாற்றத்துக்குச் சுழற்சிப் பணிமுறை ஒரு காரணம். இரண்டாம் ஷிப்டு பணியாளர் இரவு எட்டு மணித் தொடரைப் பார்க்க இயலாது. ஓடையில் அதை வீடு திரும்பும் தொழிற்சாலைப் பேருந்திலேயே பார்த்துவிடலாம். மற்றொன்று மொழி. ஒடிசா, பீகார், சார்க்கண்ட், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்குத் தமிழ்க் கேபிள் தொகுப்பு பயன்படுவதில்லை. சில மாதங்களில் இடம் மாறக்கூடியவர்கள் பெட்டி வாங்கிக் கம்பி இழுப்பதும் இல்லை. இவர்களுள் பலர் கேபிளை விட்டு மாறியவர் அல்லர். இங்குக் கேபிள் இணைப்பே பெறாமல் கைப்பேசியிலிருந்து தொடங்கியவர்கள். மாற்றம் பற்றிய பேச்சில் இவர்கள் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

கேபிள் நடத்துநர்கள்

மாதந்தோறும் வீடு வீடாகச் சென்று பணம் வசூலித்து, மழையில் கம்பம் ஏறிப் பழுது நீக்கிய உள்ளூர் நடத்துநரே இம்மாற்றத்தால் முதலில் பாதிக்கப்படுபவர். இணைப்புகள் குறைந்தாலும் கம்பத்துக்கான வாடகையும் ஆள் கூலியும் குறைவதில்லை. நூறு வீட்டுத் தெருவில் முப்பது வீடுகள் விலகினாலும் கம்பி அதே நீளந்தான். பலர் அதே கம்பங்களில் ஒளியிழை இழுத்து, பி.எசு.என்.எல். உள்ளிட்ட நிறுவனங்களின் அகலப்பட்டை முகவர்களாக மாறியுள்ளனர். ஒளியிழையை ஒட்டும் பொறிக்கும் பயிற்சிக்கும் முதலீடு இல்லாதோர் தொழிலை விட்டனர். அண்மையில் வந்த, கம்பியே தேவைப்படாத வான்வழி வீட்டு இணையம் ஒளியிழைக்கு மாறியவர்களுக்கும் போட்டியாகியுள்ளது.

நடத்துநரோடு மறைவது உள்ளூர் அலைவரிசை. கோயில் தேர்த்திருவிழா, பள்ளி ஆண்டு விழா, மின்தடை அறிவிப்பு, திருமண வாழ்த்து ஆகியவற்றைக் காட்டிய இவ்வலைவரிசைகளின் ஒளிப்பதிவுகள் பெரும்பாலும் பாதுகாக்கப்படவில்லை. இன்று தேரோட்டத்தை எவரும் யூடியூபில் நேரலையாகக் காட்டலாம்; ஊரைவிட்டுச் சென்றவர்களும் பார்க்கலாம். ஆயின் கைப்பேசி இயக்கத் தெரியாத முதியோருக்கு, ஒரு பொத்தானை அழுத்தினால் ஊர் தெரிந்த காலம் போய்விட்டது. இரட்டைத் தொலையியக்கி, கடவுச்சொல், ஆண்டுச் சந்தா புதுப்பித்தல் ஆகியவற்றுக்காக அவர்கள் பேரப்பிள்ளைகள் வரும்வரை காத்திருக்கின்றனர். கேபிள் இணைப்பும் ஓடையும் ஒரே வீட்டில் சேர்ந்தே இருப்பதற்கு இது ஒரு காரணம்.