லகுவான சுத்தியல்

லகு என்னும் சொல்லிலிருந்து பிறந்த லாகவம் என்பதற்குக் கனமின்மை என்று ஒரு பொருளும் கைத்திறன் என்று மற்றொரு பொருளும் உண்டு. இவ்விரண்டும் ஒரே சொல்லில் வந்து குடிகொண்டதன் நியாயம் எனக்கு விளங்கியது அகராதியைப் புரட்டியபோது அன்று, என் வீட்டுத் தேக்கு அலமாரியின் ஓரத்தில் பீடிங் அடிக்க முற்பட்டபோதுதான். முக்கால் அங்குல ஆணிக்கு அரைக் கிலோ சுத்தியலை எடுத்தேன். மூன்றாம் அடி பிசகியதில் ஆணி வளைந்ததோடு மரத்தில் பிறைபோல் ஒரு தழும்பும் பதிந்தது. வேறு வேலையாக வந்திருந்த ஆசாரி, அந்தப் பள்ளத்தின்மேல் ஈரத்துணியை விரித்து, காய்ந்த இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் வைத்து எடுக்கவே, நசுங்கிய நார்கள் நீராவியில் உப்பி ஏறக்குறைய மட்டத்துக்கு வந்துவிட்டன. "சின்ன ஆணிக்கு இத்தனை பெரிய சுத்தி எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆணி பிடுங்கும் கவடு வைத்த சாதாரணத் தச்சுச் சுத்தியலின் தலை சுமார் 450 கிராம் இருக்கும். அமெரிக்காவில் மரச்சட்டங்களால் வீட்டுக்கூடு எழுப்புவோர் 570 முதல் 900 கிராம் வரையிலுள்ளவற்றைக் கையாளுகின்றனர். அலமாரி, பெட்டி, படச்சட்டம் முதலிய நுண்வேலைக்கோ 200 முதல் 300 கிராம் தாராளம். இங்கிலாந்தில் வாரிங்டன் என்று வழங்கும் சுத்தியலில் 170 கிராம் அளவிலும் உண்டு. அதன் தலையின் ஒரு முனை ஆப்புபோல் ஒடுங்கியிருப்பது, குட்டையான ஆணியைப் பிடித்திருக்கும் இரு விரல்களுக்கிடையே புகுந்து முதல் தட்டைத் தட்டுவதற்காகவே. கடையில் சொல்லும் எடை பெரும்பாலும் தலைக்கு மட்டுமே உரியது என்பதையும் வாங்குவோர் மனத்தில் கொள்வது நலம்.

எடை குறைந்தால் அடியின் வலிமையும் குறைந்துவிடாதோ என்னும் சந்தேகம் இயல்பானது. எடை பாதியானால் இயக்க ஆற்றல் பாதியாகும்; வேகம் இரட்டித்தாலோ அது நான்கு மடங்காகும். ஆகவே 250 கிராம் சுத்தியலை 1.4 மடங்கு வேகத்தில் வீசினால், அரைக் கிலோ சுத்தியலின் ஆற்றல் ஏறத்தாழ அப்படியே கிடைத்துவிடும். ஆனால் வீசுகின்ற கைக்கும் தனக்கென்று ஓர் எடை உண்டாதலின், சுத்தியலை இளைக்கவைத்துக்கொண்டே போனால் வேகமும் அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகாது. 3 அங்குல ஆணியைச் சிறு சுத்தியலால் இறக்க முயல்பவன், நாலு அடியில் முடிவதைப் பதினைந்து அடி அடித்துத் தோளையும் கெடுத்துக்கொள்வான்.

ஜப்பானியத் தச்சர் விரும்பிக் கையாளும் கென்னோ என்னும் சுத்தியலில் 375 கிராம் அளவு பிரசித்தம். அதன் ஒரு முகம் தட்டை. மறுமுகம் சற்றே குவிந்தது. கடைசி அடியைக் குவிந்த முகத்தால் அடித்தால், விளிம்பு மரத்தைத் தொடாமலே ஆணித்தலை அமிழ்ந்துவிடும். என் அலமாரிக்கு வாய்க்காத பாக்கியம் அது! அண்மைக் காலத்து டைட்டேனியம் சுத்தியல்களும் உண்டு. எஃகின் அடர்த்தியில் ஆறு பங்குக்கு மூன்றரைப் பங்கே உள்ள அவ்வுலோகத்தின் விலை, எப்போதாவது ஆணி அடிக்கும் இல்லறத்தானுக்கு வீண்செலவு என்பதே என் அபிப்பிராயம்.

வாங்கும்போது காம்பின் நுனியைப் பிடித்து, கையை நீட்டிச் சில முறை வீசிப் பாருங்கள். மணிக்கட்டு தானாகத் திரும்பினால் தலை கனம் என்று அர்த்தம். கருவேலங்காம்பாயின் மரத்தின் ரேகை இடையில் குறுக்கே வெட்டுப்படாமல் நுனிவரை ஓடவேண்டும். கோடையில் காம்பு வற்றித் தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது பலருடைய வழக்கம். ஊறிப் பருத்த மரம் இரும்புத் துளைக்குள் நசுங்குவதால், காய்ந்தபின் முன்னிலும் தளர்ந்துவிடும். காம்பின் தலைப்பக்கத்தில் புது ஆப்பு ஒன்றை அறைந்து இறுக்குவதே அதற்கு வைத்தியம். அந்த ஆப்பை அறைவதற்கு மட்டும் என் அரைக் கிலோ சுத்தியல் இன்றும் பயன்படுகிறது.