பிள்ளைக்குக் கினிப் பன்றி வாங்கலாமா?

சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள சிறு விலங்குகளில் கினிப் பன்றியும் ஒன்று. சாதுவானது, அரிதாகவே கடிக்கும். ஆனால், 5 முதல் 8 ஆண்டுகள் வாழும். தொடக்கப்பள்ளியில் ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளை, உயர்நிலைப்பள்ளித் தேர்வுக்குப் படிக்கும்போதும் கூண்டைச் சுத்தம் செய்யவேண்டும்.

அதன் பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் எந்நேரமும் காய்ந்த புல் தேவை. வைட்டமின் சி சத்தை அதன் உடல் உற்பத்தி செய்யாது. குடைமிளகாய் போன்றவற்றை அன்றாடம் தரவேண்டும். தனிமையும் கடும் வெப்பமும் ஆகா. ஒரே பாலினத்தில் இரண்டாக, வெயில் படாத இடத்தில் வளர்ப்பது நல்லது. கைதவறி விழுந்தால் எலும்பு முறியலாம் என்பதால், சிறுவர்கள் தரையில் அமர்ந்தே மடியில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பிள்ளையின் ஆர்வம் குறைந்தால் பராமரிக்கப் பெற்றோர் தயாரா? தயார் என்றால் மட்டுமே வாங்கலாம். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றம்.