"அட்லஸ்" என்று பெயர் வைத்தவர்!

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் தேசப்படப் புத்தகத்துக்கு "அட்லஸ்" என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் யார் தெரியுமா? செருப்புத் தைக்கும் ஒரு தொழிலாளியின் மகன்!

அவர் பெயர் மெர்க்கேட்டர். இன்று பெல்ஜியம் என்று சொல்லப்படும் நாட்டில், 1512-ம் ஆண்டு பிறந்தார்.

செம்புத் தகடு

அந்தக் காலத்தில் தேசப்படங்களைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிடுவார்கள். அது லேசான வேலை அல்ல. ஆறு, மலை, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும், கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாற்றிச் செதுக்க வேண்டும்!

பிறகு தகட்டில் மை பூசித் துடைப்பார்கள். செதுக்கிய பள்ளத்தில் மட்டும் மை தங்கும். அதன்மேல் ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் கொடுத்து அழுத்தினால், படம் பதிந்துவிடும்.

கடல் வெறுமையாக இருந்தால் அழகாக இராது அல்லவா? அதனால் அங்கே கப்பல்களையும் பயங்கரமான கடல் பிராணிகளையும் செதுக்கினார்கள். படங்களுக்குக் கையினால் வர்ணமும் தீட்டினார்கள்.

இந்த வேலையில் மெர்க்கேட்டர் கெட்டிக்காரர். அழகாக எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகமே வெளியிட்டார்!

சிறைவாசம்

1544-ல் அவருக்குப் பெரிய ஆபத்து வந்தது. மத விரோதி என்று குற்றம் சாட்டி, அவரைச் சிறையில் அடைத்தார்கள். அவரைப் போலவே குற்றம் சாட்டப்பட்ட சிலர் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய 7 மாதம் கழித்து அவர் விடுதலையானார்.

பிறகு ஜெர்மனியில் உள்ள டூயிஸ்பர்க் நகரில் குடியேறினார். 1569-ல், மாலுமிகளுக்கு வழிகாட்டும் பெரிய உலகப் படத்தை வெளியிட்டார்.

நண்பர் முந்தினார்

அவருடைய நண்பர் ஆர்டேலியஸ். தேசப்படங்களுக்கு வர்ணம் தீட்டும் தொழிலில் தொடங்கியவர். 1570-ல், 53 படத்தாள்களை ஒரே அளவில் செதுக்கச் செய்து, ஒரே புத்தகமாக வெளியிட்டார். யார் யார் வரைந்த படங்களைப் பார்த்தாரோ, அவர்கள் பெயர்களையும் மறக்காமல் அதில் அச்சிட்டார். முதல் நவீன அட்லஸ் இதுதான் என்கிறார்கள். ஆனால், "அட்லஸ்" என்ற பெயர் அதற்கு இல்லை!

பெயர் வந்த கதை

மெர்க்கேட்டரும் அப்படி ஒரு புத்தகம் தயாரித்தார். பல ஆண்டுகள் உழைத்தார். வான சாஸ்திரத்தில் வல்லவர் என்று கதைகளில் சொல்லப்படும் "அட்லஸ்" என்ற அரசரின் பெயரை அதற்கு வைத்தார்.

ஆனால் புத்தகம் முழுமையாக வெளிவரும் முன்பே, 1594-ல், தமது 82-வது வயதில் அவர் இறந்துவிட்டார். மறு ஆண்டு, அவருடைய மகன் ரூமோல்டு அதை வெளியிட்டார்.

பெயர் வைத்த தந்தை, பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால், 400 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் வைத்த பெயர் மாறவில்லை!