படம் வராத கணிப்பொறிப் பலகை



சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்த சாந்திபுரம், மூன்று மாநிலங்கள் கூடும் மூலைப் பகுதியில் உள்ளது. அங்கே ஒரு மின்னணுப் பொருள் பழுதானால், மாற்றுப் பொருளுக்குப் பெங்களூர் எஸ்.பி. சாலைக்கோ, சென்னை ரிச்சித் தெருவுக்கோ செல்ல வேண்டும். அன்றேல் அஞ்சலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆதலின், நல்ல பொருளைக் கெட்டதென்று ஒதுக்காமல், பழுது எங்கே உள்ளதென்று அறியும் திறன் அத்தகைய ஊர்களில் பெருஞ்செல்வமாகும்.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பாடமும் நேர்காணலும் கணிப்பொறித் திரைக்கு மாறின; வெப் கேமராக்களுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்பொழுது பலர் கையாண்ட மாற்று, ராஸ்பெரி பை ஜீரோ என்னும் சிறு பலகை. இங்கிலாந்தில் 2015இல் ஐந்து டாலர் விலையில் வெளியான முழுக் கணிப்பொறி இது. இதனுடன் சிறு கேமராவை இணைத்து, யு.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியில் பொருத்தினால், அது வெப் கேமராவாகப் பணிபுரியும். ஆயினும் சில வேளைகளில் படம் வருவதில்லை. காரணத்தை எவ்வாறு அறிவது?

வாய்க்காலில் நீர் வராவிடில் உழவர் மடையிலிருந்து வயல்வரை நடந்து பார்ப்பார். இங்கும் அவ்வாறே மின்சாரம், அறிமுகம், கேமரா, வேகம் என நான்கு இடங்களை வரிசையாக நோக்க வேண்டும்.

முதலாவது, மின்சாரம். பலகையில் பச்சை விளக்கு ஒன்று உண்டு. மெமரி கார்டு சரியாகப் பொருந்தாவிடினும் அது எரியாது. ஆகவே விளக்கு எரியாததைக் கொண்டே பலகை பாழாயிற்று என முடிவு செய்யலாகாது. அடுத்து, பலகையில் இரண்டு ஒத்த துளைகள் உள்ளன. ஒன்று மின்சாரத்திற்கு மட்டுமே உரியது, யு.எஸ்.பி. என அச்சிடப்பட்டதே செய்தியையும் கடத்துவது. கம்பியை இடம் மாற்றிச் செருகுதல் மிகச் சாதாரணமான தவறு. கம்பியும் ஐயத்திற்குரியதே. மின்சாரத்திற்கு இரண்டும் செய்திக்கு இரண்டுமாக நான்கு இழைகள் அதனுள் இருத்தல் வேண்டும்; சார்ஜ் செய்வதற்கென்றே விற்கப்படும் சில கம்பிகளில் செய்தி இழைகள் இல்லை. அதே கம்பியால் ஒரு கைபேசியிலிருந்து கணிப்பொறிக்குப் படம் ஒன்றை அனுப்பிப் பாருங்கள், உண்மை விளங்கிவிடும்.

இரண்டாவது, அறிமுகம். யு.எஸ்.பி. வழியே இணையும் எப்பொருளையும் மடிக்கணினி, "நீ யார்?" என வினவும். பலகையோ இயல்பில் பிறரை வினவும் தலைமைக் கணிப்பொறி. அது பணிந்து, "நான் கேமரா" என விடையளிக்க வேண்டுமாயின், டிடபிள்யூசி2 என்னும் ஓட்டியை இயக்கும் வரி அதன் அமைப்புக் கோப்பில் இருத்தல் வேண்டும். விளக்கு எரிந்தும் மடிக்கணினியின் பட்டியலில் கேமராவின் பெயர் இல்லையெனில் இவ்விடத்தை ஆராய்க. எல்லாப் பலகைகளும் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. ஜீரோ வகைகளும் நான்காம் வகையும் இசையும். 3பி வகையில் துளைகள் யாவும் ஒரு பகிர்வுச் சில்லின் பின்னே அமைந்திருப்பதால் இசையா.

மூன்றாவது, கேமரா. பெயர் தோன்றியும் படம் இருளாக இருப்பின், முதலில் மடிக்கணினியில் வேறொரு நிரல் கேமராவைப் பிடித்துவைத்துள்ளதா எனக் காண்க. இல்லையெனில் பலகையிலேயே கேமராக்களைப் பட்டியலிடும் கட்டளையை இடுக. அங்கும் கேமரா தென்படாவிடில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நாடாக் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். ஜீரோவின் துளை குறுகியது, 22 முனைகள் கொண்டது. வழக்கமான கேமராவின் துளை 15 முனைகளே உடையது. ஆகவே ஒரு புறம் அகன்று மறுபுறம் குறுகிய நாடா தேவை. அதன் உலோக முனைகள் பலகையை நோக்கியவாறு அமைதல் வேண்டும். மேலும், 2021இன் இறுதியில் கேமராவை இயக்கும் மென்பொருள் லிப்கேமராவாக மாறியது. அதற்கு முந்தைய குறிப்புகளைப் பின்பற்றினால் பழுதில்லாத கேமராவும் பழுதானதாகவே தோன்றும்.

நான்காவது, வேகம். படம் வந்தும் தடுமாறினால் கணக்கிட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தில், புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், ஏறத்தாழ 41 லட்சம் பைட் அடங்கும். வினாடிக்கு 30 படங்கள் எனில் 99 கோடி பிட்டுக்கு மேலாகும். யு.எஸ்.பி. 2.0 கம்பியின் உச்ச அளவோ 48 கோடி பிட். குடத்து நீரைச் செம்பில் அடைக்க இயலுமா? படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்-ஜேபெக் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது 640க்கு 480 என அளவைக் குறைக்கலாம். குறைத்த அளவில் 15 கோடி பிட்டுக்கு உள்ளாகவே முடிந்துவிடும்.

இறுதியாக ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியையும் கார்டையும் நாடாவையும் ஒருங்கே மாற்றினால் படம் வரக்கூடும். ஆயினும் பழுது எதில் இருந்தது என்பது தெரியாது. நல்லவையும் குப்பைக்குப் போகும். வரிசையாகத் தேடுபவருக்கோ, பெரும்பாலும் ஒரு கம்பியின் விலையோடு செலவு முடிந்துவிடும்.