பியூட்டி பார்லருக்கு இன்சூரன்ஸா?

"ரெண்டு நாற்காலி போட்ட பார்லர். இதுக்குப் போய் இன்சூரன்ஸா?" என்று நானும்தான் சிரித்தேன். அக்காவின் பார்லரில் வேக்ஸ் ஹீட்டரில் தீப்பிடித்து, அந்த ரெண்டு நாற்காலியும் ஏ.சி.யும் கருகிய பிறகு சிரிப்பு வரவில்லை. கட்டிடச் சொந்தக்காரர் பாலிசி வைத்திருந்தார். அது அவர் சுவருக்கு. அக்காவின் நாற்காலிக்கு அல்ல.

நண்பர்களே, 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறுதொழில்களுக்கு 2021 ஏப்ரலில் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி வந்தது. வாயில் நுழையாத பெயர்தான்! தீ, புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடங்கும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதிடாதீங்க. 4 லட்ச ரூபாய் பொருளை 2 லட்சம் என்று எழுதினால், 1 லட்சம் நஷ்டத்துக்குக் கையில் வருவது 50 ஆயிரம்தான். (15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள்.)

இதெல்லாம் பொருளுக்கு. ஹேர் டையில் உள்ள பி.பி.டி. ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் ஒருவர் முகம் வீங்கி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் இந்தப் பாலிசி உதவாது. அதற்கு லயபிலிட்டி பாலிசி தனியாக எடுக்கணும். எந்தெந்த வேலைக்குச் செல்லும் என்றும் கேட்டுக்கணும். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் டையைத் தடவிப் பார்த்து, தேதி போட்டு நோட்டில் கையெழுத்து வாங்கி வைப்பது இன்னும் நல்லது. அக்கா இப்போது அந்த நோட்டைப் பாலிசியோடு சேர்த்தே பீரோவில் வைத்திருக்கிறாள்.