அரியருக்கு முன்னும் பின்னும்

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் இயற்பியல் படித்த மாணவி, பொறியியல் கல்லூரியின் முதல் வாரத்திலேயே அதே பாடத்தை ஆங்கிலத்தில் கேட்கிறாள். கணக்குப் போடத் தெரியும். கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் பிடிபடுவதில்லை. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்கிறாள். இரவு விடுதியில் நோட்டைப் பிரித்தால் பாதி விளங்காது. முதல் செமஸ்டரில் கணிதம் போய்விட்டால் போதும், ‘இவளுக்குப் படிப்பு ஏறவில்லை’ என்று வீட்டிலும் வகுப்பிலும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த முடிவு பெரும்பாலும் அநியாயம். மாணவரின் மதிப்பெண்ணில் மூளைக்கு இருக்கும் பங்கு அளவுக்கு, அவருடைய சூழலுக்கும் பங்கு உண்டு. முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறவர்களைக் கவனியுங்கள். பலர் கல்லூரி மாணவர்கள். கேட்டரிங் வேலை முடிந்து நள்ளிரவில் படுத்து, விடியற்காலையில் கல்லூரி பேருந்தைப் பிடிக்கிறார்கள். படித்தது நினைவில் பதிவதற்குத் தூக்கம் அவசியம். அது பறிபோகும்போது வருகைப்பதிவும் குறைகிறது. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுதவே தடை வரலாம். படுத்த பிறகும் கையில் இருக்கும் கைபேசி, மிச்சத் தூக்கத்தையும் தின்றுவிடுகிறது.

பணத்துக்காக வேலைக்குப் போகிறவர்கள் முதலில் உதவித்தொகையைக் கேட்டுப் பெறுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு.

ஆங்கிலத் தடுமாற்றத்துக்குக் கல்லூரியும் பொறுப்பு. பொறியியல் முதலாண்டுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்திருக்கிறது. அதை வரவேற்பு விழாவோடு முடித்துக்கொள்கிற கல்லூரியில், பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும் பிரிட்ஜ் கோர்ஸ் வேண்டும் என்று வகுப்பாகச் சேர்ந்து எழுதிக் கேளுங்கள்.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் விடைத்தாள் நகல், அதன் பிறகே மறுமதிப்பீடு. நகல் கிடைத்ததும் அந்தப் பாட ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து கூட்டல், திருத்தாமல் விட்ட பக்கம் இரண்டையும் பாருங்கள். நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்க அவகாசம் சில நாட்கள்தான். பணம் கொடுத்தால் அரியரை ‘கிளியர்’ செய்து தருகிறேன் என்று வருகிறவர் மோசடிக்காரர். அவரோடு சேர்ந்தால் நீங்களும் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்குவீர்கள்.

மதிப்பீட்டில் பாகுபாடு, உதவித்தொகை நிறுத்தம், அசல் சான்றிதழைப் பிடித்து வைத்தல் ஆகியவற்றை யு.ஜி.சி.யின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவிடம் புகார் செய்யலாம். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர் அதிகாரியான ஆம்புட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம்.

தோல்வி மனத்தை அழுத்தினால் 14416 டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்; கட்டணம் இல்லை. பெற்றோரே, ரிசல்ட் வந்த அன்றைக்கு மார்க்கைக் கேட்பதற்கு முன் பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள். புகார் மனுவை அடுத்த நாள் சேர்ந்தே எழுதலாம். கொடுக்கும்போது நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம்.